ஈமாக்ஸ்கிளையன்ட் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

காலையில் ஈமாக்ஸ் என்ற உரைதிருத்தியைத் திறந்தால் மாலைவரை நான் மூடுவதில்லை. சில வாரங்களில் வெள்ளிக்கிழமைவரைகூட மூடுவதில்லை. முனையத்தில் (கட்டளைகளை அடிக்கும் சன்னலில்) வேறு வேலையில் இருக்கும்போது ஒரு கோப்பைத் திருத்த நேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஈமாக்ஸுக்கே "இதைத் திற" என்று ஆளனுப்புவேன். அந்த ஆள்தான் ஈமாக்ஸ்கிளையன்ட். பெரும்பாலான நாட்களில் ஆள் போவதும் வருவதும் தெரியாது. வழி தெரியாமல் திரும்பினாலோ, போனவன் போனவனாகவே இருந்துவிட்டாலோதான் நமக்குத் தலைவலி.

உள்ளே நடப்பது சிக்கலானது அல்ல. ஈமாக்ஸில் சர்வர்-ஸ்டார்ட் என்ற கட்டளை இயங்கியதும் ஒரு யுனிக்ஸ் சாக்கெட், அதாவது ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் பேசிக்கொள்ளும் கதவு, உருவாகும். ஈமாக்ஸ் அதில் காதை வைத்துக் காத்திருக்கும்; அப்படிக் காத்திருக்கும் ஈமாக்ஸ்தான் சர்வர். கிளையன்ட் அந்தச் சாக்கெட்டைத் தேடிப் பிடித்து, தான் நிற்கும் அடைவு, கோப்பின் பெயர், முனையத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரே வரியாக எழுதி அனுப்பும். பெயருக்குள் காலி இடம் இருந்தால் அதை &_ என்று மாற்றி அனுப்பும் அளவுக்குத்தான் அந்த மொழி. இவ்வளவு எளிய ஏற்பாட்டில் கோளாறு எங்கே வரும்? இருவரும் வெவ்வேறு இடத்தில் தேடும்போது வரும். இருவரும் வெவ்வேறு சூழலில் வாழும்போது வரும். கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவற்றைக் கிளறினால் இந்த இரண்டில் ஒன்று அகப்படும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஓரெழுத்து ஆப்ஷன்கள் குழப்பும் என்பதால் நீண்ட பெயர்களையே தருகிறேன். லினக்ஸில் ஓடும் ஈமாக்ஸ் 27-உம் அதற்குப் பிந்தையவையும்தான் மனதில் இருப்பவை. மற்றவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறி: "சாக்கெட்டைக் காணவில்லை, சர்வரைத் தொடங்கினீர்களா?"

எல்லாரும் முதலில் சந்திப்பது இதைத்தான். பிழைச் செய்தி கேட்கும் கேள்வியை அப்படியே நம்பி, சர்வரை மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் பல நேரம் நலமாகத்தான் இருக்கும். கிளையன்ட் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஈமாக்ஸையே கேளுங்கள். ஆல்ட் விசையுடன் முக்காற்புள்ளியை அழுத்தினால் கீழே ஒரு வரி திறக்கும். அதில் இதை எழுதுங்கள்:

(எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் சர்வர்-நேம் சர்வர்-சாக்கெட்-டிர்)

அந்த மாறிக்கு மதிப்பே இல்லை என்று ஈமாக்ஸ் முறையிட்டால் சர்வர் நிரலகம் இன்னும் ஏற்றப்படவே இல்லை என்று பொருள். ஆல்ட்-எக்ஸ் அழுத்தி சர்வர்-ஸ்டார்ட் என்று இயக்குங்கள். அதே வரியை அடைப்புக்குறிக்குள் தொடக்கக் கோப்பிலும் எழுதிவையுங்கள். கதை முடிந்தது. மாறாக, /ரன்/யூசர்/1000/ஈமாக்ஸ்/சர்வர் என்பது போல ஒரு பாதை வந்தால் முனையத்துக்கு வந்து அந்தப் பாதையை எல்எஸ் -எல் கொண்டு பாருங்கள். வரியின் முதல் எழுத்து ஆங்கில "எஸ்" ஆக இருக்க வேண்டும்; அதுதான் சாக்கெட்டின் அடையாளம். அளவு 0 என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சாக்கெட்டுக்கு எடை கிடையாது.

இப்போது கிளையன்ட்டுக்கு முகவரியை நேரடியாகக் கையில் கொடுத்து அனுப்புங்கள்:

ஈமாக்ஸ்கிளையன்ட் --சாக்கெட்-நேம்=/ரன்/யூசர்/1000/ஈமாக்ஸ்/சர்வர் --ஈவல் '(ஈமாக்ஸ்-பிஐடி)'

ஓர் எண் திரும்பி வந்தால் சாக்கெட் உயிரோடு இருக்கிறது, சர்வர் விழித்திருக்கிறது. குற்றம் கிளையன்ட் தேடிய இடத்தில். ஏன் தவறான இடத்தில் தேடியது என்பதற்குக் காரணங்கள் சில உண்டு. நான் அதிகம் கண்டவற்றை முதலில் சொல்கிறேன்.

எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் என்ற சூழல் மாறி (நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் பெயரிட்ட மதிப்பு) இல்லாமல் போவது. ஈமாக்ஸ் 27-இலிருந்து சாக்கெட் அந்த மாறி காட்டும் அடைவுக்குள்தான் உருவாகிறது. திரையில் உள்நுழைந்தவருக்கு அந்த மாறியை அமர்வு நிர்வாகியே வைத்துக்கொடுக்கும். ஆனால் எஸ்யூ போட்டு ஆள் மாறினாலோ, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக நிரல் ஓடினாலோ அது இருக்காது. புதிய கிளையன்ட்டுகள் இதை ஊகித்து, "அந்த மாறியில் இன்ன பாதை இருக்க வேண்டுமோ?" என்று கேட்கவும் செய்கின்றன, அது பாதுகாப்பு சார்ந்தது, கவனம் என்று எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கின்றன. இரவு இரண்டு மணிக்கு என் வேலைப் பட்டியலை எச்டிஎம்எல் ஆக மாற்ற ஒரு கிரான் வேலை வைத்திருந்தேன். பகலில் கையால் ஓட்டினால் அருமையாக ஓடும், இரவில் ஓடாது. ஒரு வாரம் கழித்துத்தான் கிரான் அனுப்பிய அஞ்சல்களைத் திறந்து பார்த்தேன். ஏழு அஞ்சல், ஏழிலும் அதே வரி. கிரான் கட்டளையில் சாக்கெட்டின் முழுப் பாதையை எழுதியதும் சரியானது.

பழைய கிளையன்ட், புதிய ஈமாக்ஸ். 26 வரை சாக்கெட் /டிஎம்பி/ஈமாக்ஸ்1000 போன்ற அடைவில் இருந்தது (1000 என்பது பயனர் எண்). விநியோகம் தந்த பழைய பதிப்பு ஒரு பக்கம், நீங்களே தொகுத்த புதிய பதிப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டும் கணினியில் இருந்தால், முனையம் எதை எடுக்கிறது என்பது, நிரல்களைத் தேடும் அடைவுகளைப் பட்டியலிடும் பாத் மாறியின் வரிசையைப் பொறுத்தது. ஈமாக்ஸ்கிளையன்ட் --வெர்ஷன் என்று கேட்டு, ஈமாக்ஸின் பதிப்போடு ஒப்பிடுங்கள். ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் 22-ஆம் பதிப்பை நெடுங்காலம் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய மேக் வைத்திருப்பவர்கள் இதை முதலில் சோதிப்பது நல்லது.

டிஎம்பிடிர் மாறி வேறுபடுவது. மேக்கில் ஒவ்வொரு பயனருக்கும் தனித் தற்காலிக அடைவு உண்டு. சாக்கெட் அதற்குள் போய் உட்காரும். வெளியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவு வழியாக வருபவருக்கு அந்த மாறி வேறாகவோ இல்லாமலோ இருக்கலாம்.

அடைவே அழிந்துபோவது. இது கொஞ்சம் விசித்திரமானது. எஸ்எஸ்எச் வழியாக ஒரு தொலைக் கணினிக்குள் போய், டீமனை (சன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடும் ஈமாக்ஸ் சர்வரை) தொடங்கிவிட்டு வெளியேறுகிறீர்கள். உங்கள் கடைசி அமர்வு முடிந்ததும் லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டி அந்த /ரன்/யூசர்/1000 அடைவையே துடைத்துவிடும். டீமன் தப்பிப் பிழைத்திருந்தாலும் அதன் கதவு போய்விட்டது. மறுநாள் பிஜிரெப் -ஏ ஈமாக்ஸ் என்று தேடினால் செயல் ஓடிக்கொண்டிருக்கும், சாக்கெட் இருக்காது. வருமுன் காக்க லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று ஒரு முறை ஓட்டிவைத்தால் போதும். வந்தபின் என்றால், அந்த ஈமாக்ஸுக்கு எங்காவது ஒரு சன்னல் திறந்திருந்தால் அதில் சர்வர்-ஸ்டார்ட்டை மீண்டும் இயக்கலாம். ஒரு சன்னலும் இல்லையென்றால் சாதாரண கில் கட்டளையை அனுப்புங்கள். 9-ஆம் எண் வேண்டாம். சாதாரண கில் வந்தால் ஈமாக்ஸ் சேமிக்காத மாற்றங்களை இருபுறமும் # குறியிட்ட தானியங்கிக் கோப்புகளில் எழுதிவிட்டுத்தான் போகும். பிறகு கோப்பைத் திறந்து ரிகவர்-திஸ்-ஃபைல் என்று கேட்டு மீட்டுக்கொள்ளலாம். 9 போட்டால் கடைசியாகத் தானே சேமித்தது எப்போதோ, அதுவரைதான் மிச்சம்.

சூடோ போட்டுக் கிளையன்ட்டை ஓட்டுவதும் இதே பிழையில்தான் முடியும், சூடோ நம்மை மாற்றும் ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் தன் வீட்டில் தேடுவதால். ஆனால் இங்கே சாக்கெட் பாதையைக் கொடுத்து ஒட்டுப்போடுவதில் பயன் இல்லை. கோப்பைத் திறப்பவர் கிளையன்ட் அல்லர், ஈமாக்ஸ். அது உங்கள் பெயரில் ஓடுகிறது. ரூட்டின் அதிகாரம் சாக்கெட் வழியாகக் கடந்து போகாது. எந்த எடிட்டரை அழைப்பது என்று பிற நிரல்களுக்குச் சொல்லும் எடிட்டர் மாறியில் ஈமாக்ஸ்கிளையன்ட் என்று வைத்து சூடோஎடிட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது கோப்பின் நகலை உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்து, திருத்தி முடித்ததும் அசலின் இடத்தில் வைக்கும்.

அறிகுறி: பிழை இல்லை, ஆனால் என் பஃபர்கள் எதையும் காணோம்

இது மேலே சொன்னதன் கள்ளப் பங்காளி. (ஈமாக்ஸில் திறந்த ஒவ்வொரு கோப்பும் ஒரு பஃபரில் இருக்கும்.) --ஆல்டர்நேட்-எடிட்டர் ஆப்ஷனுக்கு வெற்று மதிப்பு கொடுத்தால், சர்வர் அகப்படாதபோது கிளையன்ட் தானே ஒரு டீமனைத் தொடங்கிவிடும். எங்கும் பரிந்துரைக்கப்படும் வசதி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தேடும் இடம் தவறாக இருந்தால் அது பிழை சொல்லாது. ஓசைப்படாமல் இரண்டாவது ஈமாக்ஸை எழுப்பும். உங்கள் நாற்பது பஃபர்களும் முதலாவதில், நீங்கள் நிற்பதோ இரண்டாவதில். ஒரே கோப்பை இரண்டிலும் திருத்தத் தொடங்கும்போதுதான் "இன்ன செயல் இதைப் பூட்டி வைத்திருக்கிறது" என்ற எச்சரிக்கை வந்து காட்டிக்கொடுக்கும்.

பிஜிரெப் -ஏ ஈமாக்ஸ் என்று பார்த்தால் இரண்டு செயல் எண்கள் தெரியும். கிளையன்ட் எதனோடு பேசுகிறது என்பதை மேலே சொன்ன ஈமாக்ஸ்-பிஐடி கேள்வி சொல்லிவிடும். கோளாறு தேடும் நாளில் மட்டுமாவது இந்த ஆப்ஷனைக் கழற்றி வையுங்கள். பிழை வாய்விட்டுக் கத்துவதுதான் நமக்கு நல்லது.

அறிகுறி: முனையம் "ஈமாக்ஸுக்காகக் காத்திருக்கிறேன்" என்று நின்றுவிடுகிறது

இது கோளாறே அல்ல. நீங்கள் திருத்தி முடிக்கும்வரை காத்திருப்பதுதான் கிளையன்ட்டின் இயல்பு. முடித்ததும் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டு # அழுத்துங்கள்; முனையம் விடுபடும். பஃபரைக் கொன்றாலும் விடுபடும், ஆனால் ஈமாக்ஸ் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் கொல்லும். காத்திருக்கவே வேண்டாம் என்றால் --நோ-வெய்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அடுத்த பொறி. காத்திருப்பது எரிச்சலாக இருக்கிறதென்று எடிட்டர் மாறியிலும் --நோ-வெய்ட்டைச் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் கிட் என்ற பதிப்பு நிர்வாகியில் மாற்றங்களைப் பதிவுசெய்யக் கமிட் போட்டால், ஈமாக்ஸில் செய்திக்கான கோப்பு திறக்கும். அதே நொடியில் முனையத்தில் "செய்தி வெறுமையாக இருப்பதால் கமிட் கைவிடப்பட்டது" என்று வரும். கிட்டைப் பொறுத்தவரை எடிட்டர் திரும்பி வந்துவிட்டது, கோப்பில் ஒன்றும் இல்லை, முடித்துவிட்டது. அதன்மேல் தவறு சொல்ல முடியாது. கிட், கிரான்டேப், சூடோஎடிட் போல முடிவுக்காகக் காத்திருக்கும் நிரல்களுக்குக் காத்திருக்கும் கிளையன்ட். கையால் கோப்பைத் திறக்கும்போது --நோ-வெய்ட். இரண்டுக்கும் தனித்தனிப் புனைபெயர் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

எழுதத் தொடங்கிய கமிட்டைக் கைவிட வேண்டுமானால் 28-ஆம் பதிப்பிலிருந்து சர்வர்-எடிட்-அபார்ட் என்ற கட்டளை இருக்கிறது. அது கிளையன்ட்டைப் பிழையோடு திருப்பி அனுப்பும், கிட் தானாகக் கைவிடும். முன்பெல்லாம் செய்தி வரிகளை முழுதும் அழித்துச் சேமித்து மூட வேண்டியிருந்தது.

இன்னொரு சிறிய விஷயம்: எடிட்டர் மாறியில் கட்டளையோடு ஆப்ஷன்களையும் எழுதினால் சில நிரல்கள் முழு வரியையும் ஒரே நிரலின் பெயராக எடுத்துக்கொண்டு "அப்படியொரு கோப்பு இல்லை" என்கும். மாற்று எடிட்டரை ஆல்டர்நேட்_எடிட்டர் என்ற தனிச் சூழல் மாறியில் வைத்துவிட்டால் எடிட்டர் மாறியில் ஒற்றைச் சொல் போதும்.

அறிகுறி: கட்டளை வெற்றி, கோப்பு கண்ணில் படவில்லை

கோப்பு திறந்துதான் இருக்கிறது, வேறு எங்கோ. வீட்டுக் கணினியில் ஈமாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு வந்து, அலுவலகத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஈமாக்ஸ்கிளையன்ட் ஓட்டினால், ஆளில்லாத அறையில் உள்ள திரையில் கோப்பு அழகாகத் திறந்து நிற்கும். நீங்கள் இருக்கும் முனையத்திலேயே வேண்டுமானால் --டிடிஒய் சொல்ல வேண்டும். வரைகலைத் திரையில் புதிய சன்னல் வேண்டுமானால் --கிரியேட்-ஃபிரேம். ஒரே ஈமாக்ஸ் பல முனையங்களிலும் சன்னல்களிலும் ஒரே நேரத்தில் முகம் காட்டும் இந்த ஆற்றல் 2009-இல் வெளிவந்த 23-ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு முன் இப்படிக் கேட்கவே முடியாது.

டீமனுக்கு எத்தனை முகங்கள் என்று அறிய --ஈவல் '(ஃபிரேம்-லிஸ்ட்)' கேளுங்கள். எஃப்1 என்ற ஒரே பெயர் மட்டும் வந்தால் அது டீமனின் கண்ணுக்குத் தெரியாத தொடக்கச் சட்டகம். உங்களுக்குச் சன்னல் ஏதும் இல்லை என்று பொருள்.

அறிகுறி: --ஈவல் தரும் விடை அபத்தமாக இருக்கிறது

கோப்பைத் திறக்கச் சொல்வது ஆளனுப்புவது என்றால், --ஈவல் என்பது சாவிக்கொத்தையே கொடுத்தனுப்புவது. ஈமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப்பில் எழுதிய எந்தக் கோவையையும் ஓடும் ஈமாக்ஸுக்குள் இயக்கி, விடையை முனையத்தில் அச்சிடும். இந்த வசதிக்காகவே ஈமாக்ஸை விடாமல் இருப்பவர்கள் உண்டு. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கே வரும் பிழைகள் பிழை போலத் தோன்றாது.

எந்தக் கோப்பில் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று முனையத்திலிருந்து அறிய விரும்பினேன். இயல்பாகத் தோன்றுவதை எழுதினேன்:

ஈமாக்ஸ்கிளையன்ட் --ஈவல் '(பஃபர்-நேம்)'

வந்த விடை: " *சர்வர்*". முன்னால் ஒரு காலி இடத்தோடு. நான் அப்படி ஒரு பஃபரைத் திறந்ததே இல்லை. கிளையன்ட்டின் கோரிக்கையை ஈமாக்ஸ் தன் உள்வேலைக்கான ஒரு பஃபரில் நின்றுகொண்டு இயக்குகிறது, "நடப்புப் பஃபர் எது?" என்று கேட்டால் தான் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. பெயரின் முன்னால் காலி இடம் இருந்தால் அது மறைவுப் பஃபர். நாம் கேட்க நினைத்ததோ கண்முன் இருக்கும் சன்னலைப் பற்றி. ஆகவே அதையே கேட்க வேண்டும்:

ஈமாக்ஸ்கிளையன்ட் --ஈவல் '(பஃபர்-நேம் (விண்டோ-பஃபர்))'

இப்போது சரியான பெயர் வரும். நடப்புப் பஃபரைச் சேமி, கர்சர் இருக்கும் வரி எண்ணைச் சொல் என்பன போன்ற எல்லாக் கோரிக்கைகளையும் வித்-கரன்ட்-பஃபர் (விண்டோ-பஃபர்) என்ற உறைக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பழைய குறிப்புகளில் இந்த உறை இல்லாமல் எழுதப்பட்ட கட்டளைகளை அப்படியே எடுத்து ஒட்டினால், மறைவுப் பஃபரை விசுவாசமாகச் சேமித்துக்கொண்டிருக்கும்.

விடையில் மேற்கோள் குறிகள் ஒட்டிக்கொண்டு வருவது இரண்டாவது முறையீடு. திரும்புவது லிஸ்ப் மதிப்பு. சரம் என்றால் சரமாகவே, குறிகளோடுதான் அச்சாகும். ஷெல் நிரலில் (முனையக் கட்டளைகளைக் கோத்து எழுதிய நிரலில்) அதைக் கோப்புப் பெயராகப் பயன்படுத்துவதற்கு முன் குறிகளை உரித்துவிடுங்கள். பெயருக்குள் பின்சாய்வோ மேற்கோளோ இருந்தால் அவையும் முன்னால் ஒரு பின்சாய்வு சேர்ந்தே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, "இந்தக் குறியீட்டுக்கு மாறியாக மதிப்பு இல்லை" என்ற செய்தி. --ஈவல் கொடுத்தபின் வரும் எல்லாவற்றையும் ஈமாக்ஸ் லிஸ்ப் ஆகவே படிக்கும். கோவைக்குப் பின்னால் கோப்பின் பெயரைச் சேர்த்தால் அதையும் இயக்கப் பார்க்கும். கோப்பைத் திறக்கவும் ஒரு கோவையை இயக்கவும் வேண்டுமென்றால் இரண்டு முறை ஆளனுப்புங்கள். குறிப்பிட்ட வரிக்குப் போவதற்கு மட்டும் கோவை தேவையில்லை. கோப்பின் பெயருக்கு முன் +42:7 என்று எழுதினால் 42-ஆம் வரி, 7-ஆம் நெடுவரிசை.

நான்காவது ஆபத்தானது. ஷெல் நிரலில் கோப்பின் பெயரை லிஸ்ப் கோவைக்குள் இடைச்செருகி அனுப்புவது. பெயரில் இரட்டை மேற்கோள் ஒன்று இருந்தால் கோவை பாதியில் உடையும். யாரோ வேண்டுமென்றே வைத்த பெயராக இருந்தால் உடைவதோடு நிற்காது, அவர் எழுதிய லிஸ்ப் உங்கள் பெயரில் ஓடும். திறக்க வேண்டிய கோப்பு என்றால் பெயரை வெறும் கோப்புப் பெயராகவே அனுப்புங்கள், மேற்கோள் தொல்லையைக் கிளையன்ட் பார்த்துக்கொள்ளும். கோவைக்குத்தான் தர வேண்டும் என்றால் 30-ஆம் பதிப்பில் சர்வர்-ஈவல்-ஆர்க்ஸ்-லெஃப்ட் என்ற மாறி வந்திருக்கிறது. கோவையை அடுத்து எழுதிய சொற்கள் அதில் பட்டியலாக இருக்கும். உங்கள் கோவையே அவற்றை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் ஈமாக்ஸ் அவற்றை இயக்கப் பார்க்காது.

கோவை இயங்கும்போது ஈமாக்ஸ் ஏதாவது கேள்வி கேட்டால் கிளையன்ட் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீமனை மூட (சேவ்-பஃபர்ஸ்-கில்-ஈமாக்ஸ்) அனுப்பினால், "இந்தக் கோப்பைச் சேமிக்கவா?" என்ற கேள்வி யாரும் பார்க்காத சன்னலில் எழும், முனையம் பதில் வரும்வரை அசையாது. முதலில் (சேவ்-சம்-பஃபர்ஸ் டி) என்று கேள்வியில்லாமல் சேமித்துவிட்டு, பிறகு (கில்-ஈமாக்ஸ்) அனுப்புவது தொல்லையில்லாதது.

அறிகுறி: டீமனில் மட்டும் நிரல்கள் காணாமல் போகின்றன

முனையத்திலிருந்து தொடங்கிய ஈமாக்ஸில் எழுத்துப்பிழை திருத்தி வேலை செய்கிறது. சிஸ்டம்டி தொடங்கிய டீமனில் "அப்படி ஒரு நிரல் இல்லை" என்கிறது. கிட் புஷ் போட்டால் கடவுச்சொல் கேட்கிறது. எல்லாம் சூழல் வேறுபாடுதான். உங்கள் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்புகளை சிஸ்டம்டி படிப்பதில்லை. அங்கே நீங்கள் சேர்த்த பாத் வரிகள் டீமனுக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் முகவரின் சாக்கெட்டைச் சொல்லும் மாறியும் போய்ச் சேராது.

ஊகிக்காமல் கேட்டுப் பாருங்கள்: --ஈவல் '(கெட்என்வ் "பாத்")'. அதை முனையத்தின் பாத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். குறைவதை வீட்டு அடைவில் .கன்ஃபிக்/என்விரான்மென்ட்.டி என்பதற்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். ஷெல்லையே கேட்டு மாறிகளை நிரப்பும் எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் என்ற தொகுப்பும் உண்டு. மேக்கில் அது கிட்டத்தட்டக் கட்டாயம்.

எழுத்துருவும் இதே குடும்பம். டீமன் தொடங்கும் நேரத்தில் திரை கிடையாது. ஆகவே தொடக்கக் கோப்பில் "வரைகலைத் திரை இருந்தால் தமிழுக்கு இந்த எழுத்துருவை வை" என்று எழுதியிருந்தால் அந்த நிபந்தனை பொய்யாகி வரி தாண்டப்பட்டுவிடும். பிறகு சன்னல் திறக்கும்போது அதை யாரும் மறுபடி படிப்பதில்லை. தமிழ் எழுத்துகள் ஏதோ ஓர் எழுத்துருவில் மெலிந்தும் தடித்தும் வரும். அந்த வரிகளை ஒரு சார்பாக்கி, கிளையன்ட் சன்னல் திறந்ததும் இயங்கும் சர்வர்-ஆஃப்டர்-மேக்-ஃபிரேம்-ஹுக்கில் சேர்த்துவிடுங்கள். 27-ஆம் பதிப்பிலிருந்து அது கிடைக்கிறது.

டீமன் தொடங்கவே இல்லை, சிஸ்டம்டி பொறுத்துப் பார்த்துக் கைவிடுகிறது என்றால், தொடக்கக் கோப்பில் ஏதோ ஒன்று ஆம்-இல்லை கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈமாக்ஸ் --எஃப்ஜி-டீமன் என்று முன்னணியில் ஓட்டினால் கடைசியாக வந்த செய்தி கண்ணெதிரே நிற்கும்.

அறிகுறி: "அடைவு பாதுகாப்பானது அல்ல"

ஈமாக்ஸ் சாக்கெட் வைக்கும் அடைவு உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். பிறர் நுழைய முடியாதபடி 700 என்ற அனுமதியில் இருக்க வேண்டும். ஒரு முறை சூடோவோடு ஈமாக்ஸைத் தொடங்கியிருந்தால் அடைவு ரூட்டின் பெயருக்குப் போயிருக்கும். உரிமையையும் அனுமதியையும் திருத்துங்கள், அல்லது ஈமாக்ஸ் ஓடாதபோது அடைவை நீக்கிவிடுங்கள். சோதனையையே ஊமையாக்கும் குறுக்கு வழிகள் உலவுகின்றன, வேண்டாம். அந்தச் சாக்கெட்டில் எழுத முடிந்தவர் உங்கள் பெயரில் எதையும் இயக்க முடியும், உங்கள் வீட்டு அடைவை அழிப்பது உட்பட.

அறிகுறி: வேறு கணினியிலிருந்து என் ஈமாக்ஸை அழைக்க முடியவில்லை

சர்வர்-யூஸ்-டிசிபி என்ற மாறியை இயக்கினால் ஈமாக்ஸ் பிணைய முகவரியில் கேட்கத் தொடங்கும். முகவரியையும் ஒரு 64 எழுத்துச் சாவியையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அந்தச் சாவி உட்பட எல்லாமே மறைகுறியாக்கம் இன்றிக் கம்பியில் போகும். ஆகவே என் பரிந்துரை எஸ்எஸ்எச்தான். 2014-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.7-இலிருந்து யுனிக்ஸ் சாக்கெட்டுகளையே சுரங்கம் வழியாகக் கொண்டுபோகலாம். ஆங்கிலப் பெரிய "ஆர்" ஆப்ஷனில் தொலைக் கணினியின் பாதை, முக்காற்புள்ளி, உங்கள் கணினியின் சாக்கெட் பாதை என்று கொடுத்து உள்நுழையுங்கள். அங்கே கிளையன்ட்டுக்கு அந்தப் பாதையையும், --டிராம்ப்=/எஸ்எஸ்எச்:கணினிப்பெயர்: என்ற முன்னொட்டையும் கொடுங்கள். முன்னொட்டு இல்லாவிட்டால் ஈமாக்ஸ் அதே பெயருள்ள கோப்பை உங்கள் மடிக்கணினியில் தேடி, வெற்றுப் பஃபரைத் திறந்து காட்டும்.

முதல் முறை ஓடி, இரண்டாம் முறை உள்நுழையும்போது தொலைப் பாதையைத் திறக்க முடியவில்லை என்று எஸ்எஸ்எச் சொன்னால், முந்தைய அமர்வின் சாக்கெட் கோப்பு அங்கே பிணமாகக் கிடக்கிறது. அதை அழியுங்கள், அல்லது தொலைக் கணினியின் எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில் ஸ்ட்ரீம்லோக்கல்பைண்ட்அன்லிங்க் என்பதை இயக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்தத் தொலைக் கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவர் எவரும் இந்தச் சுரங்கம் வழியாக உங்கள் மடிக்கணினிக்குள் லிஸ்ப் ஓட்டலாம். நம்பாத கணினிக்கு நான் இதைச் செய்வதில்லை.

அறிகுறி: சாக்கெட் இருக்கிறது, எவ்வளவு நேரமானாலும் பதில் இல்லை

ஈமாக்ஸ் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது: முடிவில்லாச் சுழல், உறைந்துபோன தொலை இணைப்பு, மிக நீண்ட ஒற்றை வரிக் கோப்பு. கிளையன்ட்டின் கோரிக்கை வரிசையில் நிற்கிறது. நிரலிலிருந்து அழைப்பவர்கள் 28-இலிருந்து கிடைக்கும் --டைம்அவுட் ஆப்ஷனில் நொடிகளைக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து உறையாமல் தப்பலாம். மாட்டியதை விடுவிக்க, கொல்வதற்கு முன் இதை முயலுங்கள்:

பிகில் -யூஎஸ்ஆர்2 ஈமாக்ஸ்

இந்தச் சமிக்ஞை வந்ததும் ஈமாக்ஸ் செய்துகொண்டிருப்பதை நிறுத்திப் பிழைநீக்கிக்குள் நுழையும். எந்தச் சார்பில் மாட்டியிருந்தது என்ற பட்டியல் சன்னலில் விரியும். பார்த்துக்கொண்டு "க்யூ" அழுத்தினால் வெளியே வந்துவிடலாம், பஃபர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அதன்பின் ஒவ்வொரு கன்ட்ரோல்-ஜிக்கும் பிழைநீக்கி குதித்து வருவதைக் கண்டு புதிய கோளாறு என்று எண்ண வேண்டாம். அந்தச் சமிக்ஞை விட்டுச்சென்ற அமைப்பு அது. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி டாகிள்-டீபக்-ஆன்-க்விட் என்று ஒரு முறை இயக்கினால் அடங்கிவிடும்.